பூக்கட்டிப் பார்க்கும் முன்

கேட்காத இடத்திலிருந்து வேலை வரும்போதுதான் வீட்டில் சாமி பேச்சு எழுகிறது. தேர்வு எழுதி, நேர்காணலுக்கு நாலு முறை அலைந்து கிடைத்த வேலை என்றால் யாரும் யோசிப்பதில்லை. ஸ்வீட் வாங்க ஆள் போய்விடும். ஆனால் கல்லூரியின் கடைசி வருடத்தில், மேற்படிப்புக்கோ அரசுத் தேர்வுக்கோ மனசைத் திருப்பி வைத்திருக்கும் நேரத்தில், எப்போதோ பயோடேட்டா கொடுத்து மறந்துபோன ஒரு கம்பெனியிலிருந்து போன் வருகிறது. எடுத்துக்கொள்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்கிறார்கள். அன்று ராத்திரி சோற்றுத் தட்டுக்கு முன்னால் மூன்று கேள்விகள் வந்து உட்காரும். கையில் எவ்வளவு வரும் என்பது அப்பாவின் கேள்வி. பர்மனென்டா, காண்ட்ராக்டா என்பது மாமாவுடையது. அம்மாவுடையது பாதி கேள்வி, பாதி முடிவு: "எதுக்கும் ஒரு தடவை பூக்கட்டிப் பார்த்துடலாமா?"

திருநின்றவூர் மாதிரி ஊரில் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. சென்னை – அரக்கோணம் ரயில் பாதையில் ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் நடுவே இருக்கிறது ஊர். ஒரு பக்கம் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை, அதையும் தாண்டினால் 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. தென்மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். ஊரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள். விடியுமுன்னே சி.டி.எச். ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும், இங்கே வேலை என்பது நாலு திசையிலிருந்தும் கூப்பிடும். எல்லாத் திசைக்கும் போக முடியாது என்பதுதான் சிக்கல்.

முதல் இரண்டு கேள்விகளுக்கு ஆர்டரைப் படித்தாலே விடை கிடைத்துவிடும். மூன்றாவது அப்படியில்லை. சிவப்பு அரளி ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். எது வந்தால் சரி என்று முன்னாலேயே சொல்லிக்கொண்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பெண் பார்க்கவும் நிலம் வாங்கவும் இருந்த வழக்கம், இப்போது ஹெச்.ஆர். அனுப்பும் மின்னஞ்சலுக்கும் வந்து நிற்கிறது.

பகுத்தறிவாளர் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்: நாணயம் சுண்டுவதும் இதுவும் ஒன்று, பாதிக்குப் பாதி. கணக்கு சரிதான். ஆனால் பலமான எதிர்ப்பு மதத்துக்குள்ளிருந்தே வருகிறது. தன் வாழ்க்கையைப் பற்றிய ஒரு முடிவை, யோசிக்கிற சிரமத்தைத் தவிர்க்கும் பொருட்டுத் தெய்வத்தின் தலையில் கட்டுவது பக்தியா, சோம்பலா? பொட்டலம் பிடித்தபடி வந்தால் சாமி சொன்னது. பிடிக்காதபடி வந்தால் குழந்தை சரியாக எடுக்கவில்லை, இன்னொரு தடவை போடலாம் என்கிற வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் காரம் தெரியும்.

மற்ற மதங்களும் இதே இடத்தில் தடுமாறித்தான் நடந்திருக்கின்றன. விவிலியத்தில் யூதாஸின் இடத்துக்கு மத்தியா சீட்டுப் போட்டுத்தான் தேர்வாகிறார். அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் அந்தச் செய்தி இருக்கிறது. ஆனால் சீட்டுக்கு முன்னால் நடந்ததைப் பலரும் கவனிப்பதில்லை. தொடக்கத்திலிருந்தே உடன் இருந்தவராக இருக்க வேண்டும் என்று தகுதியை வகுத்து, ஆட்களை எண்ணிப் பார்த்து, இரண்டு பேராகக் குறைத்த பிறகே சீட்டு விழுகிறது. அதற்குப் பின் அந்தப் புத்தகத்தில் சீடர்கள் சீட்டுப் போட்டதாகச் செய்தியே இல்லை. இஸ்லாத்தில் இஸ்திகாரா தொழுகை உண்டு. கல்யாணத்துக்கும் வியாபாரத்துக்கும் வேலைக்கும் செய்கிறார்கள். அதில் விடை கேட்பது கிடையாது. இது எனக்கு நல்லது என்றால் எளிதாக்கு, கெட்டது என்றால் என்னிடமிருந்து விலக்கு என்று கேட்டுவிட்டு, மனிதன் தன் முடிவில் நடக்க வேண்டியதுதான். கனவு வந்தாக வேண்டும் என்பது பாமர நம்பிக்கை. அப்படி நிபந்தனை எதுவும் இல்லை என்று ஆலிம்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்களிடம் ஆலோசனை கேட்பதும் அதோடு சேர்ந்தே வரும்.

ஆக, கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. சாமியைக் கேட்கலாமா என்பதைவிட, எப்போது கேட்பது, எதைக் கேட்பது என்பதே விஷயம்.

அதற்குத் திருநின்றவூரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஊருக்குள் இருதயாலீஸ்வரர் கோயில். இதய நோய்க்காரர்கள் வந்து வேண்டிக்கொள்ளும் தலமாக இன்று பெயர் பெற்றுவிட்டது. ஆனால் கோயிலின் கதை வேறு. பூசலார் என்ற அடியார் சிவனுக்கு ஒரு கோயில் கட்ட ஆசைப்பட்டார். பொருள் தேடி எங்கெங்கோ அலைந்தார், காசு பெயரவில்லை. மனசுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். சுந்தரர் பெயர் சொல்லிவிட்டுப் போன இந்த அடியாரின் கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரிவாகச் சொன்னார். சோழ அரசில் பெரிய பதவி பார்த்தவர் அவர். கட்டுமான வேலை எப்படி நடக்கும் என்பது தெரிந்தவர் போல எழுதியிருக்கிறார். பூசலார் கண்ணை மூடி ஒரே மூச்சில் கோபுரத்தை எழுப்பிவிடவில்லை. முதலில் மனசால் நிதி சேர்க்கிறார். அப்புறம் சாமான்கள், தச்சர்கள். நல்ல நாள் பார்த்து அடித்தளம். பிறகு ஒவ்வொரு படையாகச் சுவர், சிகரம், சுதை வேலை, கிணறு, மதில், குளம். ராத்திரியும் தூங்காமல் வேலை நடக்கிறது. நாள்கள் பல கழிந்து, கடைசியில் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார்.

அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னனின் கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கைலாசநாதர் கோயில் அது என்பது ஆய்வாளர் கருத்து. சிவன் மன்னன் கனவில் வந்து, நின்றவூரில் என் அன்பன் கட்டிய கோயிலுக்கு நாளை போகிறேன், உன் நாளைத் தள்ளிவை என்கிறார். மன்னன் ஊர் தேடி வந்து கோயில் எங்கே என்று கேட்க, அப்படி எதுவும் இல்லை என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

இந்தக் கதையை எண்ணம் முக்கியம், செயல் இரண்டாம்பட்சம் என்று சொல்வதற்கு எடுத்தாள்வார்கள். கொஞ்சம் அவசர வாசிப்பு அது. சேக்கிழார் அழுத்தம் கொடுப்பது வரிசைக்கு. உள்ளே நடக்கும் வேலைக்கும் வெளியே நடக்கும் வேலையின் அத்தனை ஒழுங்கும் உண்டு. படி எதையும் தாண்ட முடியாது. சாமி வந்தது கடைசி நாளில். முதல் நாளே வந்து எந்தக் கல்லை எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி, உண்மையில் நடந்த இரண்டு வேலைக்கதைகள். இரண்டும் 1887-இல் பிறந்தவர்களுடையவை. இருவரும் பிராமணக் குடும்பத்துப் பிள்ளைகள். 1913-இல் இருவர் முன்னாலும் கடல் நின்றது. கடற்பயணத்தைச் சாதியிலிருந்து வீழ்த்தும் குற்றங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது போதாயன தர்மசூத்திரம். அந்தக் காலத்துப் பிராமண வீடுகளில் அது ஏட்டில் கிடந்த விதியாக இருக்கவில்லை. உறவே அறுந்துபோகும் விஷயம்.

ஒருவர் கணித மேதை ராமானுஜன். 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய். 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரியிலேயே பதில் வந்தது. கூடவே, ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரவழைக்க வழி பார்க்கும்படி இந்தியா ஆபீஸ் மூலம் சென்னைக்குச் சொல்லப்பட்டது. முப்பது ரூபாய்க் குமாஸ்தாவுக்கு இதைவிட எதிர்பாராத அழைப்பு இருக்க முடியாது. கிடைத்த பதில், வர இயலாது.

அந்த மறுப்புக்கும் 1914 மார்ச் 17-ஆம் தேதி அவர் நெவாசா கப்பலில் ஏறியதற்கும் இடையே ஓராண்டு இருக்கிறது. கதை சொல்கிறவர்கள் அந்த ஓராண்டை ஒரு கனவில் சுருக்கிவிடுகிறார்கள். நாமக்கல் நாமகிரித் தாயார் குடும்பத்தின் குலதெய்வம். 1913 கடைசியில் ராமானுஜன் துறைமுகக் கழக அதிகாரி நாராயண அய்யருடன் நாமக்கல் சென்று கோயிலில் மூன்று இரவு படுத்திருந்து உத்தரவு பெற்றார் என்று ஒரு செய்தி. அம்மா கோமளத்தம்மாள்தான் கனவு கண்டார், மகனின் வாழ்க்கை நோக்கத்துக்குக் குறுக்கே நிற்காதே என்று தாயார் அவரிடம் சொன்னாள் என்று இன்னொரு செய்தி. கனவு யாருக்கு வந்தது என்பதில் வாழ்க்கை வரலாறுகள் ஒத்துப்போவதில்லை. அது ஒரு குறை என்று தோன்றலாம். உண்மையில் அந்த முரண்பாடுதான் ரொம்பச் சொல்கிறது: அனுமதி தேவைப்பட்ட ஆட்கள் அந்த வீட்டில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள்.

கனவுக்கு முன்னால் என்ன நடந்தது? 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. குமாஸ்தா நாற்காலி போய் முழு நேரக் கணிதம் வந்தது. ஹார்டியோடு கடிதப் போக்குவரத்து நடந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை கொடுத்தார். ஆனால் அவர் எழுதியதை எடைபோடக்கூடியவர்கள் சென்னையில் அநேகமாக இல்லை. இவ்வளவும் ஆன பிறகுதான் நாமக்கல். 1914 தொடக்கத்தில் விரிவுரைக்காகச் சென்னை வந்த கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் நெவில், எப்படியாவது ராமானுஜனைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்ற ஹார்டியின் வேண்டுகோளோடு வந்திருந்தார். வந்து பார்த்தால் சம்மதம் ஏற்கெனவே தயார். மிச்சமிருந்தது நடைமுறைக் கவலைகள்தான்: பணம், இங்கிலீஷ், பரீட்சை எழுதச் சொல்வார்களா, சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது. ஒவ்வொன்றுக்கும் பதில் தேடப்பட்டது. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் அம்மாவுக்குப் போக ஏற்பாடானது. தெய்வம் உத்தரவு கொடுத்த பிறகும் அம்மாவின் அறுபது ரூபாயை மனிதர்கள்தான் கணக்குப் போட்டு ஒதுக்கினார்கள்.

தாயாரின் அனுமதி வீட்டுக் கதவைத் திறந்தது. ஊர்க் கதவைத் திறக்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சேத்துப்பட்டில் 32 வயதில் ராமானுஜன் இறந்தபோது உறவினர் பலர் வரவில்லை. கடல் தாண்டி வந்தவர் ராமேஸ்வரம் போய்ப் பிராயச்சித்தம் செய்திருக்க வேண்டும். அம்மா அதற்கு ஏற்பாடு செய்ய நினைத்திருந்தும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. நாமகிரியின் வாக்கு அந்த உறவினர்களின் காதில் ஏறவில்லை போலும்.

இன்னொருவர் பத்தமடையில் பிறந்த குப்புசாமி. மருத்துவம் படித்தவர். மருத்துவப் பத்திரிகை ஒன்றை நடத்திப் பார்த்துவிட்டுச் சென்னையில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்த்தார். ராமானுஜன் மறுத்த அதே 1913-இல் இவர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். யாரும் அழைக்கவில்லை, கையில் ஒரு அறிமுகக் கடிதம் மட்டும். கப்பல் சாப்பாட்டைத் தொடாமல் வீட்டிலிருந்து கொண்டுபோன பலகாரத்தைத் தின்றே நாளை ஓட்டியதில், கரை இறங்கும்போது பாதி உயிர் போயிருந்தது என்று பிற்பாடு தன் வரலாற்றில் எழுதினார். கடிதத்தை வைத்துத் தேடிப்போன டாக்டருக்கு உதவியாளர் தேவைப்படவில்லை. அவர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டின் மேலாளர் ராபின்ஸிடம் அனுப்பினார். எஸ்டேட் ஆஸ்பத்திரி ஒன்றைத் தனியாக நடத்த முடியுமா என்று ராபின்ஸ் கேட்டார். மூன்று ஆஸ்பத்திரிகளைக்கூட நடத்துவேன் என்பது இவர் பதில்.

ஒரு ஆஸ்பத்திரியைக்கூடத் தனியே நடத்திப் பழகாத இளைஞர் சொன்ன வார்த்தை அது. இன்றைய நேர்காணல்களில் ஒலிக்கும் வீராப்புக்கு நூறாண்டு முன்னோடி என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு நிற்கவில்லை. மாதம் நூறு டாலருக்குக் குறைந்து ஒப்புக்கொள்ளாதே என்று உள்ளூரில் இருந்த இந்தியர் ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ராபின்ஸ் நூற்றைம்பதில் தொடங்கச் சம்மதித்தார். இந்தக் குப்புசாமி பத்து வருடம் மலாயாவில் மருத்துவம் பார்த்துவிட்டு, 1923-இல் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பி, ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனார்.

பலனை எதிர்பார்க்காதே என்று கீதையைச் சொல்லி, புதிதாகச் சேருகிற பையனின் சம்பளத்தைக் குறைக்கப் பார்க்கும் மேலாளர்கள் உண்டு. சிவானந்தர் கீதைக்கே உரை எழுதியவர். அவர் நூறா, நூற்றைம்பதா என்று விசாரித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். பின்னால் துறந்தபோது அதே உறுதியோடு துறந்தார். கூலி கேட்பதைப் பற்றென்று நினைப்பது சோம்பேறித்தனமான வேதாந்தம். அதனால் லாபம் அடைவது பெரும்பாலும் எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான்.

இந்த இருவரில் ஒருவர் மூன்றிரவு கோயிலில் படுத்ததாகச் செய்தி. இன்னொருவர் ஒரே நொடியில் ஆம் என்றார். எது சரியான முறை? முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ராமானுஜன் போகாமல் இருந்திருந்தால் இன்னும் பல காலம் இருந்திருப்பாரோ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போகாமல் இருந்திருந்தால் அவர் பெயரையே நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே நடக்காத வாழ்க்கையைப் பற்றிய பேச்சு. அழைப்பு தெய்வத்திடமிருந்து வந்ததா என்பதை அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை வைத்து அளக்கத் தொடங்கினால், நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாம் தெய்வம் அழைத்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

1958-இல் இதே சிவானந்தர் முன்னால் இன்னொரு தமிழ் இளைஞர் வந்து நின்றார். ராமேஸ்வரத்துக்காரர், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர். அவருக்கு இரண்டு நேர்காணல்கள். ஒன்று டெல்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப மேம்பாட்டு இயக்ககத்தில். மற்றது டேராடூனில், விமானப் படைக்கு. மனசு முழுக்க இரண்டாவதில். டேராடூனில் 25 பேரில் எட்டு பேரை எடுத்தார்கள். இவர் ஒன்பதாவது. மனம் ஒடிந்து ரிஷிகேசம் போன அப்துல் கலாமிடம், விமானியாவது உன் விதியில் இல்லை, இந்தத் தோல்வியை மறந்துவிட்டு உனக்கு விதிக்கப்பட்ட வழியைத் தேடு என்ற வகையில் சிவானந்தர் பேசினார். கலாம் டெல்லி திரும்பினார். ஆர்டர் காத்திருந்தது: முதுநிலை அறிவியல் உதவியாளர், அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய்.

கல்லூரி விழாக்களில் இந்தக் கதை கேட்காத மாணவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். கேட்கும்போது ஒன்றை மனசில் வைத்துக்கொள்வது நல்லது. கலாமின் தன்வரலாறான 'அக்னிச் சிறகுகள்' ஆங்கிலத்தில் வந்தது 1999-இல். நடந்து நாற்பது வருடம் கழித்து, ராக்கெட்டும் ஏவுகணையும் பொக்ரானும் எல்லாம் ஆன பிறகு எழுதப்பட்ட விதி அது. அன்று டேராடூனில் தேறாதவர் கலாம் ஒருவர் மட்டுமா? இன்னும் பதினாறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு விதி இருந்திருக்கும். அதை யாரும் புத்தகமாகப் போடவில்லை.

ஆனாலும் சிவானந்தர் அந்த இளைஞருக்குச் செய்த ஒரு உதவியை மறுக்க முடியாது. எந்த வேலை நல்லது என்று அவர் ஜோசியம் பார்க்கவில்லை. ஒரு கதவு ஏற்கெனவே மூடியாயிற்று. மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நிற்பதிலிருந்து பையனை விடுவித்தார். நாமகிரியின் கனவு செய்ததும் இதே வகை வேலைதான். அது கணிதம் சொல்லவில்லை, கேம்பிரிட்ஜில் குளிர் எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. முடிவெடுத்த பிறகும் கை நடுங்குகிறதே, அம்மா என்ன நினைப்பாள், ஊர் என்ன சொல்லும் என்று, அந்த நடுக்கத்தை எடுத்தது. பூக்கட்டிப் பார்ப்பதில் பக்தி இருக்கிறதென்றால் அது இந்த இடத்தில்தான். உள்ளே வேலை முடிந்து, இரண்டு பொட்டலமும் கிட்டத்தட்ட சம எடைக்கு வந்த பிறகு, இனி எது வந்தாலும் வருத்தமில்லாமல் போவேன் என்று கையை விரிப்பது. வேலை முடியாமலே பொட்டலம் போடுகிறவர், சாமியிடம் கேட்பது போலத் தன் பயத்திடமே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வள்ளுவர் இந்த உள்வேலைக்கு ஒரு வரிசையே போட்டிருக்கிறார் என்று படிக்க முடியும். 47-ஆவது அதிகாரம் தெரிந்துசெயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். அரசனுக்குச் சொன்னவை. இருந்தாலும் ஆர்டரைக் கையில் வைத்திருக்கும் இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கும் கேள்விகள் அவையே: என்ன வேலை, நம்மால் முடியுமா, இப்போதா, அங்கேயா. ஊழ் 38-ஆம் அதிகாரத்திலேயே பேசி முடிக்கப்பட்டுவிட்டது. அதைவிட வலியது எது என்று அங்கே கேட்டவர், 62-ஆம் அதிகாரத்தில், சோராமல் முயல்கிறவர் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறார். இது முரண்பாடு என்று பட்டிமன்றம் நடத்தியவர்கள் ஏராளம். இரண்டையும் ஒரே ஆள் எழுதி ஒரே நூலில் விட்டுவைத்தார் என்பதே போதுமான பதில்.

வலியறிதலும் இடனறிதலும் திருநின்றவூரில் எப்படி இருக்கும்? கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னை வரை போய் வண்டி மாற வேண்டும். கம்பெனி பஸ் வருமா, நைட் ஷிப்ட் முடிந்து எப்படித் திரும்புவது என்பது தத்துவத்துக்கு வெளியே உள்ள விஷயம் ஆகாது. ஆர்டரில் அப்ரண்டிஸ் என்று இருக்கிறதா, ட்ரெய்னி என்று இருக்கிறதா என்பதும் அப்படித்தான். 1961-இன் தொழில் பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி ஆகமாட்டார். பயிற்சி முடிந்தால் நிரந்தர வேலை தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் அந்தச் சட்டத்தில் பொதுவாகக் கிடையாது. சாதாரணத் தொழிலாளிக்கோ தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரம் கோரலாம். பூ இதையெல்லாம் சொல்லாது. மாமாவின் கேள்வி எவ்வளவு சரியானது என்பது இங்கே தெரிகிறது.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது முழுக்க அறம் சார்ந்தது. பூவும் வெள்ளையாக வந்து, சம்மதம் என்று மின்னஞ்சலும் போட்ட பிறகு, அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி கூடுதல் சம்பளத்தோடு கூப்பிட்டால்? கொடுத்த வாக்கு என்னாகும்? அரிச்சந்திரன் கதை கேட்டு வளர்ந்த தலைமுறை தயங்கும். ஆனால் வாக்கு இரு பக்கமும் நிற்க வேண்டும். 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று ஆர்டர் கொடுத்துக் காக்க வைத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வர முடியுமா என்று கேட்டது. நாடெங்கும் பேச்சானது. மறுபக்கம், மூன்று வருடம் முடியாமல் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று விஜயா வங்கி போட்ட ஒப்பந்தத்தை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. கம்பெனி தன் சொல்லைத் தொழில் நிலவரம் என்று மாற்றிக்கொள்ளலாம், பையன் மாற்றினால் துரோகம் என்று பேசுவது நியாயத் தராசில் ஒரு தட்டைக் கையால் அழுத்துவது. அதற்காகப் பையனின் வாக்கு காற்றோடு போகட்டும் என்றும் ஆகிவிடாது. கையெழுத்துப் போடும் முன் பாண்டு எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்று படித்துப் பார்க்கிறவருக்கு, பின்னால் மனசாட்சியோடு மல்லுக்கட்டும் வேலை குறையும்.

வேண்டாம் என்று முடிவானால்? வாசல் தேடி வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பாதே என்று பாட்டி சொல்வார். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குத் தனி எடை உண்டு. திருமகள் வைகுண்டத்தை விட்டு வந்து நின்றதால்தான் ஊருக்கே இந்தப் பெயர் என்பது பக்தவத்சலப் பெருமாள் கோயிலின் தலபுராணம். அந்தக் கோயிலைப் பற்றியே வேறு மாதிரிக் கதையும் இருக்கிறது. திருமங்கையாழ்வார் இந்த ஊரைப் பாடாமல் கடந்து போய்விட்டார். தாயார் விடவில்லை, போய்ப் பாட்டு வாங்கி வாருங்கள் என்று பெருமாளை அனுப்பினாள். அதற்குள் ஆழ்வார் மாமல்லபுரத்தில் இருந்தார், அங்கே ஒரு பாசுரம் கிடைத்தது. ஒன்று போதாது என்று தாயார் மறுபடி அனுப்ப, இரண்டாவது திருக்கண்ணமங்கையில் கிடைத்தது. நின்றவூர்ப் பெருமாளுக்கான இரண்டு பாட்டுகளும் வேறு ஊர்ப் பதிகங்களுக்குள் இன்றும் இருக்கின்றன.

விட்டுவிட்டுப் போன வாய்ப்பு பின்னாலேயே வரும் என்று இதை எடுத்துக்கொண்டால் ஆபத்து. பெருமாள் பின்னால் போனது ஆழ்வாரின் பாட்டுக்காக. ஹார்டி விடாமல் கேட்டதும் அப்படித்தான். முதல் கடிதத்தோடு வந்த நூற்றுச் சொச்சம் தேற்றங்கள் அவர் கையில் இருந்தன. புதிதாகப் படித்து முடித்தவர் பின்னால் எந்த ஹெச்.ஆரும் மாமல்லபுரம் வரை வரப் போவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாண்டினால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போன் போகும்.

அந்த அடுத்த பெயரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சேரப் போவதில்லை என்று முடிவு செய்த பிறகும் பதிலே போடாமல், சேரும் நாளன்று போகாமல் இருந்துவிடுவது இப்போது சகஜமாகிவிட்டது. கம்பெனிதானே, என்ன ஆகிவிடும் என்று. ஆவது கம்பெனிக்கு இல்லை. அதே கல்லூரியில், அதே ரயிலில் வருகிற யாரோ ஒருவர் ஒன்பதாவது இடத்தில் காத்திருக்கிறார். புதன்கிழமையே இரண்டு வரியில் இயலாது என்று எழுதி அனுப்பினால் வியாழக்கிழமை அவர் வீட்டில் போன் அடிக்கும், அங்கே யாராவது அரளிப் பூ தேடிப் போவார்கள். டேராடூனில் அன்று தேறிய எட்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், கலாம் ரிஷிகேசத்துக்குப் போகாமல் விமானப் படைக்குப் போயிருக்கவும் கூடும்.